அம்மச்சி பார்த்ததும் பேத்தி பார்த்ததும் ஒரே கதையா? சிறுவர் நாவல்கள் சினிமாவான வரலாறு | முழு விளக்கம்

ரெட்டைப் பிள்ளைகள். ஒருத்தி அப்பாகிட்ட, ஒருத்தி அம்மாகிட்ட. தனக்கு ஒரு சகோதரி இருக்கிறாள் என்பதே ரெண்டு பேருக்கும் தெரியாது. தற்செயலா சந்திக்கிறார்கள், ஆள் மாறாட்டம் செய்கிறார்கள், பிரிந்த பெற்றோரைச் சேர்த்து வைக்கிறார்கள்.

இந்தக் கதையை நீங்க எங்கேயோ பார்த்திருப்பீங்க. எங்கே பார்த்தீங்க என்பதை வைத்து உங்க வயசைச் சொல்லிவிடலாம்!

போன அரையாண்டு லீவுக்கு ஊருக்கு, அதாவது கன்னியாகுமரி மாவட்டம் அருமனைக்குப் போயிருந்தப்போ வீட்ல இதுதான் நடந்தது. அக்கா மகள் லேப்டாப்ல லிண்ட்சே லோஹன் நடித்த 'தி பேரன்ட் ட்ராப்' பார்த்துட்டு இருந்தாள். பின்னாடி இருந்து எட்டிப் பார்த்த அம்மச்சி, "இது நம்ம ஜெய்சங்கர் படமாக்கும் மக்களே, இங்கிலீஷ்காரன் எடுத்துட்டான்" என்றார். பேத்தி ஒத்துக்கொள்ளவில்லை. "இல்ல அம்மச்சி, நம்ம ஆளுங்கதான் அங்கேருந்து எடுத்திருப்பாங்க" என்றாள்.

யார் சொன்னது சரி? ரெண்டு பேருமே இல்லை. கதை ஜெர்மனியில் இருந்து வந்தது. ஒரு சிறுவர் நாவல் எப்படி நாடு நாடாகப் பயணித்து சென்னைக்கு வந்தது, வந்தபோது என்னவெல்லாம் மாறியது, தமிழில் எழுதப்பட்ட சிறுவர் நாவல்கள் ஏன் அதே மாதிரி திரைக்குப் போகவில்லை? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல்ல, அந்த ஜெர்மன் நாவல் எது?

நாவலின் பெயர் 'தாஸ் டொப்பெல்டே லோட்ஷென்'. 'இரட்டை லோட்டி' என்று புரிந்துகொள்ளலாம். எழுதியவர் எரிஷ் கெஸ்ட்னர். வெளியான ஆண்டு 1949.

கெஸ்ட்னர் சாதாரண ஆள் கிடையாது. 1929-ல் வெளியான அவரது 'எமிலும் துப்பறிவாளர்களும்' நாவல், சிறுவர்களே சேர்ந்து திருடனைப் பிடிக்கும் கதைகளுக்கெல்லாம் முன்னோடி. 1933-ல் நாஜிகள் பெர்லினில் புத்தகங்களைக் குவித்து எரித்தபோது அதில் இவருடைய புத்தகங்களும் இருந்தன. கூட்டத்தோடு கூட்டமாக நின்று அதை நேரிலேயே பார்த்தவர் கெஸ்ட்னர்.

ரெட்டைச் சிறுமிகள் கதையை அவர் முதலில் நாவலாக யோசிக்கவில்லை. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் சினிமாவுக்கான கதையாகத்தான் எழுதினார். எழுதவே கூடாது என்று நாஜி அரசு தடை போட்டதால் அந்தப் படம் நின்றுபோனது. போர் முடிந்த பிறகு அதே கதை நாவலானது, அடுத்த வருஷமே படமும் ஆனது. அதாவது சினிமாவுக்காகப் பிறந்த கதை, புத்தகமாகி, திரும்பவும் சினிமாவுக்கே வந்து சேர்ந்தது.

கதை இதுதான்: வியன்னாவில் இசைக்கலைஞரான அப்பாவோடு வளர்கிறாள் லூயிஸ். மியூனிக்கில் பத்திரிகை ஆபீஸில் வேலை பார்க்கும் அம்மாவோடு வளர்கிறாள் லோட்டி. கோடை விடுமுறை முகாமில் இருவரும் சந்திக்கிறார்கள். பிறந்த தேதி ஒன்று, பிறந்த ஊர் ஒன்று, முகமும் ஒன்று. விஷயம் புரிந்ததும் இடம் மாறி வீட்டுக்குப் போகிறார்கள்.

கதை எப்படி உலகம் சுற்றியது?

- 1950: ஜெர்மனியில் முதல் படம். இயக்குநர் ஜோசஃப் வான் பாக்கி. நிஜ ரெட்டையர்களான யூட்டா, ஈசா குந்தர் நடித்தார்கள். கதைசொல்லியாக கெஸ்ட்னரே திரையில் வந்தார்.
- 1951: ஜப்பானில் பாடகி ஹிபாரி மிசோரா நடிப்பில் ஒரு படம்.
- 1953: இங்கிலாந்தில் 'ட்வைஸ் அபான் எ டைம்'.
- 1961: அமெரிக்காவில் டிஸ்னியின் 'தி பேரன்ட் ட்ராப்'. ஹேலி மில்ஸ் இரட்டை வேடம்.
- 1965: தமிழில் ஏவி.எம். தயாரித்த 'குழந்தையும் தெய்வமும்'. இயக்கம் கிருஷ்ணன்–பஞ்சு. ஜெய்சங்கர், ஜமுனா, இரட்டை வேடத்தில் குட்டி பத்மினி.
- 1966: தெலுங்கில் 'லேத மனசுலு'.
- 1968: இந்தியில் 'தோ கலியான்'. இரட்டை வேடத்தில் பேபி சோனியா. பின்னாளில் கதாநாயகியாகப் பேர் வாங்கிய நீத்து சிங்தான் அந்தக் குழந்தை.
- 1998: லிண்ட்சே லோஹன் நடித்த புதிய 'தி பேரன்ட் ட்ராப்'.
- 2001: இந்தியில் கஜோல் இரட்டை வேடத்தில் 'குச் கட்டி குச் மீட்டி'.

தமிழ்ப் படத்துக்கு நேரடி வழிகாட்டி 1961-ல் வந்த டிஸ்னி படம்தான். ஆக, அம்மச்சி பார்த்தது நாவலின் பேத்தி. அக்கா மகள் பார்த்தது அதே நாவலின் இன்னொரு பேத்தி. ரெண்டும் ஒரே பாட்டி வயிற்றுப் பிள்ளைகள்தான்.

1965-க்கான தேசிய விருதுகளில் தமிழின் சிறந்த படமாகத் தேர்வானதும் 'குழந்தையும் தெய்வமும்'தான்.

சென்னைக்கு வந்தப்போ கதையில் என்ன மாறியது?

இங்கேதான் விஷயமே இருக்கு.

கெஸ்ட்னரின் நாவலில் வில்லன் என்று யாரும் கிடையாது. அப்பாவும் அம்மாவும் ரொம்பச் சின்ன வயசில் கல்யாணம் பண்ணிக்கொண்டவர்கள். அப்பாவுக்கு இசையமைக்க அமைதி வேணும். வீட்டில் கைக்குழந்தைகள் ரெண்டு அழுகின்றன. அவர் தனியாக ஒரு அறை எடுத்துக்கொள்கிறார். அம்மா தனித்துப்போகிறார். விவாகரத்து. ஆளுக்கொரு குழந்தை. அவ்வளவுதான். ரெண்டு பேரும் நல்லவர்கள், ஆனாலும் பிரிந்துவிட்டார்கள். குழந்தைகளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இதைச் சிறுவர் நாவலில் எழுதியது அந்தக் காலத்தில் பெரிய விஷயம். போருக்குப் பிந்தைய ஜெர்மனியில் உடைந்த குடும்பங்கள் ஏராளம். 'விவாகரத்து பற்றியெல்லாம் குழந்தைகளுக்கு எழுதலாமா?' என்று பெரியவர்கள் கேட்பார்கள் என்பது கெஸ்ட்னருக்குத் தெரியும். அதனால் கதைக்கு நடுவிலேயே நின்று பதில் சொல்கிறார்: பிரிந்த பெற்றோரால் வதைபடும் குழந்தைகள் நிறைய, பிரியாமலே இருக்கும் பெற்றோரால் வதைபடும் குழந்தைகளும் நிறைய, அனுபவிப்பதே குழந்தைகள் என்னும்போது அதைப் பற்றி அவர்களிடம் பேசக் கூடாது என்பது என்ன நியாயம் என்பதுதான் அந்தப் பதிலின் சாரம்.

தமிழில்? இந்து திருமணச் சட்டம் வந்தது 1955-ல். அந்தச் சட்டம் வந்து பத்து வருஷம்தான் ஆகியிருந்தது. குடும்பத்தோடு வரும் ரசிகர்கள் முன்னால், தப்பே செய்யாத ஒரு தம்பதி மனம் ஒத்துப்போகாமல் பிரிந்தார்கள் என்று சொன்னால் எடுபடாது. அதனால் தமிழ்ப் படத்தில் ஒரு பணக்கார மாமியார் வந்தார். ஜி.வரலட்சுமி நடித்த அந்தக் கதாபாத்திரத்தின் அகம்பாவம்தான் கணவன் மனைவியைப் பிரிக்கிறது. ஜெய்சங்கரும் ஜமுனாவும் குற்றமற்றவர்களாகவே இருக்கிறார்கள். மாமியார் திருந்தினால் குடும்பம் சேர்ந்துவிடும்.

இன்னொரு மாற்றமும் உண்டு. நாவல் தொடங்குவதே முகாமில், சிறுமிகளிடம். பெற்றோரின் பழைய கதை நாலைந்து பக்கத்தில் முடிந்துவிடும். தமிழ்ப் படத்தில் ஜெய்சங்கர் – ஜமுனாவின் கல்லூரிக் காதல், டூயட், நாகேஷ் காமெடி என்று பெரியவர்களுக்குக் கணிசமான இடம். எம்.எஸ்.விஸ்வநாதன் இசையில் அந்தப் பாட்டுகள் இன்னைக்கும் ஓடுகின்றன என்பதும் உண்மை.

இது தப்பா? தப்புன்னு சொல்ல முடியாது. கதையை ஊருக்கு ஏற்ற மாதிரி மாற்றினால்தான் ஓடும். ஆனால் ஒரு விஷயம் நழுவிப்போனது. 'யாருடைய தப்பும் இல்லாமலே அப்பா அம்மா பிரியலாம். அது உன் தப்பும் இல்லை' என்று குழந்தையிடம் நேராகச் சொன்ன கதை அது. அந்த வார்த்தை தேவைப்படும் குழந்தைகள் இங்கேயும் அப்போது இருந்தார்கள், இப்போதும் இருக்கிறார்கள்.

ஒரே குழந்தை எப்படி ரெண்டாச்சு?

கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் இல்லாத காலம். ஜெர்மன்காரர்கள் நிஜ ரெட்டையரைப் பிடித்துவிட்டார்கள். குட்டி பத்மினி ஒரே ஆள். பிறகு எப்படி?

அந்தக் காலத்துப் படங்களில் இரட்டை வேடத்துக்குப் பயன்பட்ட வழி 'மாஸ்க்' போடுவது. லென்ஸின் ஒரு பாதியை மறைத்துவிட்டு, நடிகரை இந்தப் பக்கம் நிறுத்திப் படம் பிடிப்பார்கள். பிறகு அதே பிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, இப்போது மறுபாதியை மறைத்துவிட்டு, உடையை மாற்றிய அதே நடிகரை அந்தப் பக்கம் நிறுத்தித் திரும்பவும் எடுப்பார்கள். ஒரே பிலிமில் ரெண்டு பேரும் வந்துவிடுவார்கள்.

கேமரா மயிரிழைகூட நகரக் கூடாது. வெளிச்சம் மாறக் கூடாது. நடிப்பவர் நடுக்கோட்டைத் தாண்டிக் கையை நீட்டிவிட்டால் கை காணாமல் போய்விடும். எதிரே ஆளே இல்லாமல், இருப்பதாக நினைத்துக்கொண்டு, சரியான உயரத்தில் பார்த்துப் பேச வேண்டும். பெரியவர்களே திணறும் வேலை இது. முகம் தெரியாத, தோள் மட்டும் தெரிகிற ஷாட்களுக்கு 'டூப்' நிறுத்திச் சமாளிப்பார்கள்.

தமிழில் இரட்டை வேடத்தைத் தொடங்கி வைத்தது 1940-ல் பி.யு.சின்னப்பா நடித்த 'உத்தம புத்திரன்'. அதே வித்தை 25 வருஷம் கழித்து ஒரு குழந்தையின் தோளில் ஏறியது.

இது மட்டும்தானா? வேற எந்த நாவல் எல்லாம் இங்கே படமாச்சு?

'குழந்தையும் தெய்வமும்' கதையை எழுதியவர் ஜாவர் சீதாராமன். இவரையும் ஜெய்சங்கரையும் இன்னொரு படத்தில் சேர்த்துப் பார்க்கலாம்: 1967-ல் வந்த 'பட்டணத்தில் பூதம்'. ஜீபூம்பா பூதமாக நடித்தவரே ஜாவர் சீதாராமன்தான். அந்தப் படத்தின் வேர், இங்கிலாந்து எழுத்தாளர் எஃப்.ஆன்ஸ்டி 1900-ல் எழுதிய 'தி பிராஸ் பாட்டில்' என்ற வேடிக்கை நாவல். 1964-ல் அது ஹாலிவுட் படமானது. மூணே வருஷத்தில் பூதம் சென்னைப் பட்டணத்துக்கு வந்துவிட்டது. நாவலிலிருந்து ஹாலிவுட், ஹாலிவுட்டிலிருந்து கோடம்பாக்கம் என்பதுதான் அன்றைக்கு நம்மூர் ரூட்.

மார்க் ட்வைன் 1881-ல் எழுதிய 'இளவரசனும் ஏழையும்' நாவல், 1954-ல் தெலுங்கில் என்.டி.ராமராவ் நடித்த 'ராஜு பேத' ஆனது. 1968-ல் இந்தியில் 'ராஜா அவுர் ரங்க்' வந்தது. ஸ்விட்சர்லாந்து எழுத்தாளர் யோஹானா ஸ்பைரியின் 'ஹெய்டி' 1958-ல் இந்தியில் 'தோ பூல்' ஆனது.

எதிர்த்திசையிலும் ஒரு பயணம் நடந்தது. ரட்யார்ட் கிப்ளிங்கின் யானைப்பாகன் சிறுவன் கதையை 1937-ல் 'எலிஃபன்ட் பாய்' என்று படமாக்கியபோது, மைசூர்ப் பக்கத்து யானைக் கொட்டாரத்தில் இருந்து சாபு என்ற சிறுவனைக் கண்டுபிடித்தார்கள். அவரே 1942-ல் 'ஜங்கிள் புக்' படத்தின் மௌக்லி ஆனார். உலகம் கண்ட முதல் மௌக்லிகளில் ஒருவர் நம்ம தென்னிந்தியப் பையன்!

நாவல் படமானா பொதுவா என்ன மாறும்?

உலகம் முழுக்க இதில் சில வழக்கமான மாற்றங்கள் உண்டு.

நிறம் மாறும். 1900-ல் வந்த 'தி விசார்ட் ஆஃப் ஆஸ்' நாவலில் டோரத்தி போடுவது வெள்ளிக் காலணி. 1939 படத்தில் அது சிவப்பு மாணிக்கக் காலணி. காரணம், அப்போது புதுசாக இருந்த டெக்னிகலர். வெள்ளியைவிடச் சிவப்பு திரையில் பளிச்சென்று தெரியும்.

குணம் மாறும். கிப்ளிங்கின் புத்தகத்தில் 'கா' என்ற மலைப்பாம்பு மௌக்லியின் நண்பன், ஆபத்தில் காப்பாற்றுகிறது. 1967 டிஸ்னி கார்ட்டூனில் அதே 'கா' மௌக்லியை விழுங்கப் பார்க்கும் வில்லன். 2016 படத்தைத் தமிழ் டப்பிங்கில் பார்த்தவர்களுக்கும் அது பயமுறுத்தும் பாம்புதான்.

எழுத்தாளர் கோபப்படுவார். 'மேரி பாப்பின்ஸ்' எழுதிய பி.எல்.ட்ராவர்ஸிடம் உரிமை வாங்க வால்ட் டிஸ்னி சுமார் 20 வருஷம் விடாமல் முயன்றார். 1964-ல் படம் வந்தது, ஓஹோவென்று ஓடியது. ட்ராவர்ஸுக்குக் கடைசி வரை மனம் ஆறவில்லை. தன் 'சார்லியும் சாக்லேட் ஃபேக்டரியும்' நாவலில் இருந்து வந்த 1971 படத்தை ரோல்டு டாலுக்கும் பிடிக்கவில்லை.

கெஸ்ட்னர் கதை இதில் வித்தியாசம். அவரே சினிமா தெரிந்தவர், அவரே நடித்தார், அவர் சொன்னபடியே முதல் படம் வந்தது.

நம்ம நாட்டுச் சிறுவர் கதைகள் படமாகவே இல்லையா?

ஆகியிருக்கு. வங்காளத்தைப் பாருங்க. உபேந்திரகிஷோர் ராய் 1915-ல் 'சந்தேஷ்' என்ற சிறுவர் பத்திரிகையில் எழுதிய கதையை, அவருடைய பேரன் 1969-ல் 'கூபி கைன் பாகா பைன்' என்று படமாக்கினார். பேரன் பெயர் சத்யஜித் ராய். 1974-ல் தன்னுடைய ஃபெலூடா நாவலையே 'சோனார் கெல்லா' என்று எடுத்தார். தாத்தா நடத்திய சிறுவர் பத்திரிகையைத் திரும்பத் தொடங்கி நடத்தியவரும் அவர்தான்.

இலங்கையில் மார்ட்டின் விக்ரமசிங்க 1947-ல் எழுதிய 'மடோல் தூவ' என்ற சிங்களச் சிறுவர் நாவலை, 1976-ல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் படமாக்கினார். இந்தியில் ரஸ்கின் பாண்டின் 'தி ப்ளூ அம்ப்ரெல்லா'வை விஷால் பரத்வாஜ் எடுத்தார். 2005-க்கான சிறந்த சிறுவர் படத்துக்கான தேசிய விருது அதற்குத்தான்.

ஆர்.கே.நாராயண் நம்ம ஊர்க்காரர், சென்னையில் பிறந்தவர். அவர் 1935-ல் எழுதிய 'சுவாமியும் நண்பர்களும்' தூர்தர்ஷனில் 'மால்குடி டேஸ்' தொடரில் வந்தது. எடுத்தவர் கன்னட நடிகர்–இயக்குநர் சங்கர் நாக். படப்பிடிப்பு நடந்தது கர்நாடகத்தின் ஆகும்பேயில்.

அப்போ தமிழ்ச் சிறுவர் நாவல்?

உண்டு, ஆனால் விரல்விட்டு எண்ணிவிடலாம். சிறுவர் எழுத்தாளர் பூவண்ணனின் 'ஆலம் விழுது' நாவல், 'நம்ம குழந்தைகள்' என்ற பெயரில் 1970-ல் படமானது. அதற்குப் பிறகு அந்தப் பாதையில் ஆள் நடமாட்டம் ரொம்பக் குறைவு.

எழுத்துக்குப் பஞ்சமா என்றால் கிடையாது. 1950-லேயே அழ.வள்ளியப்பா முன்னின்று குழந்தை எழுத்தாளர் சங்கம் தொடங்கினார். வாண்டுமாமா தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளைச் சாகசக் கதைகளில் கட்டிப்போட்டார். சாகித்ய அகாடமி 2010 முதல் பால சாகித்ய புரஸ்கார் விருது கொடுத்துவருகிறது. யெஸ்.பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' (2020), உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' (2023), யூமா வாசுகியின் 'தன்வியின் பிறந்தநாள்' (2024), விஷ்ணுபுரம் சரவணனின் 'ஒற்றைச் சிறகு ஓவியா' (2025) எல்லாம் இந்த விருதைப் பெற்ற தமிழ்ப் புத்தகங்கள்.

அருமனைக்கே வருவோம். எழுத்தாளர் ஜெயமோகன் பிறந்தது எங்க ஊரில்தான். 'நான் கடவுள்', 'அங்காடித் தெரு', 'பொன்னியின் செல்வன்' என அவர் பங்களித்த படங்கள் பல. 'ஏழாம் உலகம்' நாவல் 'நான் கடவுள்' படத்துக்கு அடித்தளம். 'துணைவன்' சிறுகதை 'விடுதலை'க்கு அடித்தளம்.

அதே ஜெயமோகன் குழந்தைகளுக்காக எழுதிய நாவல் 'பனிமனிதன்'. தினமணியின் சிறுவர்மணியில் தொடராக வந்தது. இமயமலைப் பனியில் தெரியும் பிரமாண்டமான காலடித் தடத்தின் பின்னால் போகும் சாகசம். நடுநடுவே அறிவியல், பரிணாமம், பௌத்தம் எல்லாம் வரும். அவரே பிறகு 'வெள்ளி நிலம்' என்றொரு சிறுவர் நாவலும் எழுதினார். பெரியவர்களுக்கான அவருடைய கதைகளைத் தேடிவந்த சினிமா, இந்தப் பக்கம் திரும்பவில்லை. பூமணியின் 'வெக்கை' 2019-ல் 'அசுரன்' ஆகிறது, கல்கியின் நாவல் ரெண்டு பாகமாக வருகிறது. சிறுவர் நாவல் மட்டும் அலமாரியிலேயே இருக்கிறது.

ஏன் வரவில்லை? மூணு காரணம்

ஒன்று, வியாபாரம். தமிழில் படம் விற்பது கதாநாயகன் பெயரில். பத்து வயசுப் பிள்ளைதான் நாயகன் என்றால் வியாபாரம் பேச ஆளில்லை. அதனால்தான் 1965-லேயே குழந்தைகள் கதைக்குள் ஜெய்சங்கர் – ஜமுனா காதல் தேவைப்பட்டது. 'பசங்க', 'காக்கா முட்டை' மாதிரிப் படங்கள் இந்த விதியை உடைத்தன. 'காக்கா முட்டை' 2014-க்கான சிறந்த சிறுவர் படம் என்ற தேசிய விருதையும் வாங்கியது. ஆனால் அவை நேரடியாகச் சினிமாவுக்கு எழுதப்பட்ட கதைகள்.

ரெண்டு, அரசு ஆதரவு. குழந்தைகளுக்குப் படம் எடுப்பதற்கென்றே 1955-ல் இந்திய சிறுவர் திரைப்படச் சங்கம் தொடங்கப்பட்டது. படங்கள் எடுத்தார்கள், விழா நடத்தினார்கள். ஆனால் அந்தப் படங்கள் ஊர்த் தியேட்டர் வரை வருவது அபூர்வமாகவே இருந்தது. 2022-ல் அந்த அமைப்பு தேசிய திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பட்டது. குழந்தைகளுக்கென்று தனியாக இருந்த ஒரே கதவும் பொதுக் கதவுக்குள் போய்விட்டது.

மூணு, பழக்கம். சினிமாக்காரர்கள் சிறுவர் இலக்கியம் படிப்பது குறைந்துபோனது. ஒரு காலத்தில் அப்படி இல்லை. 1947-ல் 'அம்புலிமாமா'வைத் தொடங்கிய நாகிரெட்டியும் சக்ரபாணியும்தான் 'பாதாள பைரவி', 'மாயாபஜார்' படங்களை எடுத்த விஜயா நிறுவனத்தார். குழந்தைகளுக்குக் கதை சொல்பவரும் படம் எடுப்பவரும் ஒரே ஆளாக இருந்த காலம் அது.

நாவலைப் படமாக்க யாரிடம் அனுமதி வாங்கணும்?

நிறைய பேர் கேட்கும் கேள்வி இது. குறும்படம் எடுக்கும் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் பயன்படும்.

- இந்திய பதிப்புரிமைச் சட்டம், 1957-ன்படி ஒரு நாவலைப் படமாக்கும் உரிமை எழுத்தாளருக்கே. வாய்வார்த்தை போதாது, எழுத்தில் வாங்க வேண்டும்.
- எழுத்தாளர் இறந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் வரை உரிமை வாரிசுகளிடம் இருக்கும்.
- கெஸ்ட்னர் இறந்தது 1974-ல். ஆக, இந்தியாவில் அவருடைய உரிமை 2034 இறுதி வரை உண்டு. அவருடைய சொந்த நாடான ஜெர்மனியில் 70 ஆண்டு கணக்கு என்பதால் 2044 இறுதி வரை.
- மார்க் ட்வைன் (மறைவு 1910), கிப்ளிங் (மறைவு 1936) ஆகியோரின் மூல நூல்களை யார் வேண்டுமானாலும் படமாக்கலாம். ஆனால் டிஸ்னி சேர்த்த பாட்டு, உருவம், புதுக் காட்சிகளைத் தொடக் கூடாது.
- வெறும் கருவுக்கு உரிமை கிடையாது. 'ரெட்டையர் இடம் மாறுகிறார்கள்' என்பது கரு. அதை விரித்த விதத்துக்குத்தான் உரிமை. ஆர்.ஜி.ஆனந்த் வழக்கில் 1978-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது இதைத்தான்.
- தமிழ்நாடு அரசு நாட்டுடைமை ஆக்கிய நூல்களுக்கு உரிமைத் தொகை தேவையில்லை. பெரியசாமித் தூரனின் நூல்கள் அப்படிப்பட்டவை. அவர் எழுதிய 'சூரப்புலி' ஒரு நாயை நாயகனாக வைத்த சிறுவர் நாவல். எடுக்கத்தான் ஆள் வேணும்!

பெற்றோர் என்ன கவனிக்கணும்?

'குழந்தைகள் கதை' என்று போட்டிருந்தாலே எல்லா வயசுக்கும் சரிப்படும் என்று அர்த்தமில்லை. சென்சார் சான்றிதழில் இப்போது யு/ஏ பிரிவு 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரிக்கப்பட்டுள்ளது. போஸ்டரிலும் ஓடிடி தளத்திலும் அந்த எண்ணைப் பாருங்க.

அப்புறம், புத்தகம் முதலா, படம் முதலா? எந்த வரிசையும் தப்பில்லை. படம் பார்த்துவிட்டுப் புத்தகத்தைத் தேடிப்போகும் பிள்ளைகள் உண்டு. ரெண்டையும் பார்த்த பிள்ளையிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "புக்ல இருந்தது படத்துல எது இல்ல?" அதற்கப்புறம் அவர்களே பேசிக்கொண்டிருப்பார்கள்.

அரசுப் பள்ளிகளில் மாதம் ஒரு சிறார் படம் திரையிடும் திட்டத்தைத் தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறை 2022-ல் தொடங்கியது. இந்த மாதம் என்ன படம் என்று உங்க பிள்ளையின் பள்ளியில் விசாரிக்கலாம்.

கடைசியா, அருமனை வீட்டில் என்ன ஆச்சு?

தகராறைத் தீர்க்க ரெண்டு படத்தையும் அடுத்தடுத்து ஓடவிட்டோம். அம்மச்சி பாட்டு வரும்போதெல்லாம் கூடவே முணுமுணுத்தார். அக்கா மகள் பாட்டுகளை ஓட்டிவிடச் சொன்னாள், மாஸ்க் ஷாட் எப்படி என்று தெரிந்ததும் நடுக்கோட்டைத் தேட ஆரம்பித்தாள்.

படம் முடிந்ததும் அவள் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. "சித்தி, ரெண்டு படத்துலயும் கடைசியில அம்மா அப்பா சேந்துட்டாங்க. என் கிளாஸ்ல ஒருத்தியோட அம்மா அப்பா சேரவே மாட்டாங்களாம். அவளுக்கு என்ன படம் இருக்கு?"

அம்மச்சி டிவியை அணைத்துவிட்டுச் சொன்னார்: "அதை இனி நீங்கதான் எழுதணும் மக்களே."